அந்நியன் சொல் ஆப்த வாக்கியமாகுமா?

முன்பின் அறியாத ஒருவர் எழுதிவைத்த நான்கு வரிகளை நம்பித் தன் பிள்ளையைக் கடல்மேல் ஏற்றிச் செல்வது ஒரு தாய்க்கு அடுக்குமா? இவ்வினா சற்று மிகைப்படுத்தப்பட்டதாகத் தோன்றலாம். ஆயினும், பாடசாலை விடுமுறைக் காலத்திற் கொழும்பிலிருந்தோ இலண்டனிலிருந்தோ யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வரத் திட்டமிடும் பெற்றோர் பலர் செய்வது இதுவே. எந்த விடுதியிற் தங்குவது, எந்தத் துறையிற் படகு ஏறுவது, எந்தக் கடையின் உணவு பிள்ளையின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் என்பனவற்றையெல்லாம் அவர்கள் இணையத்தளங்களில் அந்நியர் எழுதிய மதிப்புரைகளைக் கொண்டே முடிவு செய்கின்றனர். இங்கே நம்பிக்கை வைப்பவர் ஒருவர். அந்நம்பிக்கை பொய்த்தால் துன்புறப்போவது மற்றொருவர். அவ்வாறு துன்புறக்கூடியவர் எழுத்தறியாத சிறு பிள்ளையாகவும் இருக்கக்கூடும். ஒழுக்கவியல் நோக்கில் இது தனியே ஆராயத்தக்க நிலையாகும்.

வழி கூறுதல் தமிழருக்குப் புதிய வழக்கமன்று. பத்துப்பாட்டிற் சரிபாதி ஆற்றுப்படையே. பரிசில் பெற்று மீளும் ஒருவன் வறுமையோடு எதிர்ப்படும் தன்போன்ற கலைஞனை வழியிற் சந்திக்கிறான். தான் பெற்ற வளத்தைக் கூறுகிறான். எவ்வழியே செல்லவேண்டும், எந்நிலத்தில் எவர் என்ன உணவளிப்பர் என்பவற்றை விரித்துரைக்கிறான். தொல்காப்பியப் புறத்திணையியல் இதற்கு இலக்கணமே வகுத்துள்ளது. மலைபடுகடாம் எனப்படும் கூத்தராற்றுப்படையைப் பாடிய பெருங்கௌசிகனார், நன்னனது மலைநாட்டுக்குச் செல்லும் கூத்தருக்கு வழியின் இனிமைகளை மட்டுங் கூறி அமையவில்லை. விலங்குகளுக்கு வைத்த பொறிகள், பாம்புறையும் குழிகள், வழுக்கு நிலங்கள், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கற்கள் ஆகிய இடர்களையும் எடுத்துரைத்து, அவற்றிலிருந்து தப்பும் வகையையும் கூறுகின்றார். நல்ல மதிப்புரை எவ்வாறு அமையவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த முன்மாதிரியைத் தேடவேண்டியதில்லை.

ஆயினும் ஆற்றுப்படையை அளவு கடந்து போற்றுவதும் தகாது. நன்னனிடம் பரிசில் பெற்றவன் வாயிலிருந்து நன்னனின் குறை வெளிவரும் என எதிர்பார்க்க இயலுமா? வழியின் குறைகளைக் கூறியவன் புரவலனிடத்தே நிறைவை மட்டுமே கண்டான். விடுதிக்காரரிடம் இலவச அறை பெற்றுக்கொண்டு எழுதுவோரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு, அது சிறிதன்று. ஆற்றுப்படுத்துவோன் தான் பரிசில் பெற்றதை மறைப்பதில்லை. அதனையே அவன் முதலில் எடுத்துச் சொல்கிறான். மேலும், அவன் கேட்போனின் கண்முன்னே நிற்கிறான். ஐயம் எழுந்தால் மறித்து வினவலாம். முகத்தைப் பார்த்து மதிப்பிடலாம். இணையத்தில் எழுதுவோருக்கு முகமில்லை. பல வேளைகளில் உண்மைப் பெயருமில்லை.

இணையத்தில் இத்தொழில் தொடங்கி முப்பது ஆண்டு அளவே ஆகின்றது. 1996 இல் நெதர்லாந்திற் புக்கிங் டொட் கொம்மும், 2000 இல் அமெரிக்காவில் ட்ரிப் அட்வைசரும், 2008 இல் அங்கேயே எயார்பிஎன்பியும் தோன்றின. முன்னர் பயண முகவரிடமும் வழிகாட்டி நூல்களிடமும் இருந்த அதிகாரம் இவற்றின் வழியாகச் சாதாரணப் பயணியின் கைக்கு மாறியது. இது ஒருவகைச் சனநாயகம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இச்சனநாயகத்திற் பங்குகொள்வதற்கு நேரம் வேண்டும். வேலைக்குச் செல்லும் தாயோ தந்தையோ, பிள்ளைகள் உறங்கியபின், மறுநாளுக்குரிய சீருடைகளை மினுக்கி வைத்தபின், கைத்தொலைபேசியின் சிறு வெளிச்சத்தில் நாற்பது ஐம்பது மதிப்புரைகளைப் படிக்க நேர்கிறது. கண் அயர்கையில் வாசகங்களை விட்டு நட்சத்திரங்களை எண்ணத் தொடங்குவது இயல்பே. நான்கு தசம் ஆறு பெற்ற விடுதி நான்கு தசம் மூன்று பெற்றதிலும் மேலானது என்னும் முடிவு, ஆராய்ந்ததாற் பிறந்ததன்று, களைப்பினாற் பிறந்தது.

குடாநாட்டைப் பொறுத்தவரை இவ்வினாவுக்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. 1990 இல் யாழ்தேவி யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது. ஏ-9 வீதி 2002 இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மூடி, 2009 இல் மீண்டுந் திறந்தது. புகையிரதம் 2014 ஒக்டோபர் 13 ஆந் திகதியே யாழ்ப்பாணத்தை மீண்டும் எட்டியது. 2019 இற் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமிடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. பாதைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. ஆனால், அப்பாதைகளின் இயல்பை அறிந்து சொல்லும் உறவினர் சங்கிலி இடையில் அறுந்துவிட்டது. முன்னர் யாரும் யாழ்ப்பாணத்துக்குப் போவதற்கு மதிப்புரை தேடியதில்லை. பெரியம்மா வீடு இருந்தது. மாமா புகையிரத நிலையத்துக்கு வந்து நிற்பார். எந்தக் கிணற்று நீர் நன்னீர், எது உவர் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்திருந்தது. இன்று ரொறன்ரோவிலிருந்து வரும் தாய்க்கு அந்த மாமா இல்லை. பெரியம்மா வீட்டுக்குக் கூரையில்லை. பத்து வயதில் ஊரைவிட்டுச் சென்ற அவள், தன் பேர்த்தி முறையானவர்கள் கைபிடித்து நடந்த குறிகட்டுவான் துறையைப் பற்றி யாரோ ஒரு ஜெர்மானிய உல்லாசப் பயணி எழுதிய மூன்று வரிகளிலிருந்து அறிந்துகொள்கிறாள். சொந்த ஊருக்கு அந்நியனிடம் வழி கேட்கும் இந்நிலை நகைப்புக்குரியதன்று.

அந்நியன் சொல்லை அறிவெனக் கொள்ளலாமா என்பது இந்தியத் தத்துவ மரபு நீண்டகாலம் வாதிட்ட வினாவாகும். யாழ்ப்பாணத்துச் சைவர் போற்றிப் பயிலும் சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் அளவைகளைப் பற்றிக் கூறியே நூலுட் புகுகின்றார். பிறர் பலவாக எண்ணும் அளவைகள் காண்டல், கருதல், உரை எனும் மூன்றினுள் அடங்கும் என்பது அவர் முடிபு. உரை என்பது இறுதியில் ஆகமத்தையே குறிக்கும் என்றாலும், சொல்லும் அறிவுக்கு ஒரு வாயில் என்னும் அடிப்படை அங்கே ஏற்கப்படுகிறது. நியாய மரபு இதனை மேலும் உலகியல் நிலைக்குக் கொண்டுவருகிறது. ஆப்தனின் உபதேசமே சப்தப் பிரமாணம் என்பது நியாய சூத்திரத்தின் கொள்கை. அதற்கு உரைகண்ட வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்தவனாகவும், அறிந்தவாறே அதனைப் பிறருக்கு உணர்த்தும் விருப்பினால் உந்தப்பட்டவனாகவும் உள்ளவனே ஆப்தன் என்கிறார். அதற்கு மேலும் அவர் கூறுவதே வியப்புக்குரியது. இவ்விலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் ஒன்றே என்கிறார். பிறப்போ மொழியோ நெருக்கமோ ஒருவனை ஆப்தனாக்குவதில்லை. நேரே அறிந்திருத்தல், அறிந்ததை உள்ளவாறு கூற விழைதல் ஆகிய இரண்டுமே வேண்டப்படுகின்றன. ஆகவே, அந்த ஜெர்மானியப் பயணியும் ஆப்தனாகலாம்.

பௌத்த அளவையாளர் இதற்கு உடன்படார். மணிமேகலைக் காப்பியத்திற் காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உணர்த்தும் அளவைகள் காட்சி, கருத்து ஆகிய இரண்டே. சொல் தனியே ஓர் அளவையாகாது. சொன்னவனின் தகுதியிலிருந்து கருதி அறிவதே அஃது என்பது அவர்கள் வழிவந்தோர் கொள்கை. அம்மணிமேகலை சென்றடைந்த மணிபல்லவம் நயினாதீவே என்று இங்கே பலரும் கருதிவருவது ஈண்டு நினைக்கத்தக்கது. ஏனெனில், நாகபூஷணி அம்மனைத் தரிசிக்க நயினாதீவுக்குப் படகு தேடும் சைவத் தாய், இணையத்தைத் திறந்ததும் தன்னையறியாமலே பௌத்த அளவையாளராகி விடுகிறாள். எழுதியவர் எம்மாதத்தில் வந்தார்? பிள்ளைகளோடு வந்தாரா? ஒரே கிழமையில் ஒரே நடையில் எழுந்த பத்துப் புகழுரைகளுள் இதுவும் ஒன்றா? படகின் பாதுகாப்பு அங்கியைப் பற்றி எதையேனும் கூறுகிறாரா, அல்லது சூரியன் மறைந்த அழகை மட்டும் பாடுகிறாரா? இவ்வாறெல்லாம் அவள் கருதிக் கருதியே முடிவுக்கு வருகிறாள். சொல்லை அவள் நம்புவதில்லை. சொல்லின் தடயங்களைப் பின்தொடர்கிறாள்.

மேனாட்டாருள்ளும் இவ்வழக்கு உண்டு. பிறர் சாட்சியத்தை நம்புவதற்கு முன்னனுபவமே ஆதாரம் என்று 1748 இல் வெளியிட்ட நூலில் டேவிட் ஹியூம் வாதிட்டார். அவர் நாட்டவரான தோமஸ் றீட் 1764 இல் இதனை மறுத்து, பிறர் சொல்லை நம்புதல் மனிதருக்கு இயற்கையிலேயே அமைந்த குணம் என்றும், குழந்தையிடத்தே அது முழுமையாகக் காணப்படும் என்றுங் கூறினார். பெற்றோரின் நிலை இவ்விருவருக்கும் இடைப்பட்டது. பிள்ளை, படகு பத்திரமானதென்று தாய் கூறினால் றீட் கூறியவாறு நம்பிவிடும், மேலும் ஆராயாது. ஆதலினாற் தாய் ஹியூம் கூறியவாறே நம்பக் கடமைப்பட்டவள். பிள்ளைக்குரிய ஐயத்தையும் சேர்த்து அவளே ஐயுற வேண்டும். தனியே பயணஞ் செய்யும் இளைஞன் ஒருவன் நட்சத்திரங்களை எண்ணி ஏமாறினால் அது அவனது அசட்டை, அவனே அனுபவித்துக்கொள்வான். பெற்றோருக்கு அந்த உரிமை கிடையாது.

பொய்யுரை பற்றிய அச்சமே முதலில் எழுவது. அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. 2017 இல் ஊபா பட்லர் என்னும் இளம் எழுத்தாளர் தென் இலண்டனில் உள்ள தமது தோட்டக் கொட்டிலை ஓர் உணவகமென ட்ரிப் அட்வைசரிற் பதிவு செய்தார். நண்பர்களைக் கொண்டு பொய்ப் புகழுரைகளை எழுதுவித்தார். அதே ஆண்டு நவம்பரில், ஒருவருக்கும் உணவு பரிமாறியிராத அக்கொட்டில் இலண்டனிலேயே முதலாவது உணவகமாக அத்தளத்தில் இடம்பெற்றது. இதற்குமுன் அவர் பணம் பெற்றுக்கொண்டு உணவகங்களுக்குப் பொய்யுரை எழுதியவர் என்பதும் அவரே கூறியது. 2014 இல் மேஸ்லின் முதலிய மூன்று ஆய்வாளர் அமெரிக்க விடுதிகளை ஆராய்ந்தனர். பணஞ் செலுத்தித் தங்கியவர் மட்டுமே எழுதக்கூடிய தளத்தையும் எவரும் எழுதக்கூடிய தளத்தையும் அவர்கள் ஒப்பிட்டனர். தனியார் நடத்தும் சிறு விடுதிகளுக்கு இரண்டாவது தளத்திற் புகழுரை மிகுந்திருந்தது. அத்தகைய விடுதிகளின் அயலில் இருந்தவற்றுக்கு இகழுரை மிகுந்திருந்தது. தன்னைப் புகழ்வதோடு அயலவனை இகழ்வதும் வியாபாரமாகிவிட்டது என்பதே இதன் பொருள். அமெரிக்காவில் 2024 ஒக்டோபரிலிருந்தும் பிரித்தானியாவில் 2025 ஏப்பிரலிலிருந்தும் பொய் மதிப்புரைகள் சட்டத்தால் வெளிப்படையாகத் தடைசெய்யப்பட்டுள்ளன.

ஆனால் பொய்யிலும் பார்க்க இடர் மிகுந்தது, இடம்மாறிய உண்மையாகும். மாசி மாதத்தில் நெடுந்தீவுக்குச் சென்றவர், ஒரு மணி நேரக் கடற்பயணம் குளத்திற் செல்வது போலிருந்தது என்று எழுதுகிறார். அவர் கூறியது உண்மை; உள்ளவாறு கூறும் விருப்பமும் அவருக்கு இருந்தது. வாத்ஸ்யாயனரின் இலக்கணப்படி அவர் ஆப்தரே. ஆனால் அதனைப் படிக்கும் புலம்பெயர்ந்த குடும்பம் வருவதோ நல்லூர்த் திருவிழாவையொட்டிய ஓகஸ்டு மாதத்தில். அவர்களது பாடசாலை விடுமுறையும் அக்காலமே. தென்மேற்குப் பருவக்காற்று நெடுந்தீவுக் கடலைக் கலக்குவதும் அக்காலமே. படகின் ஓரத்தில் அமர்ந்து வாந்தியெடுக்கும் பிள்ளைக்கு அந்த மாசி மாதத்து உண்மையாற் பயனில்லை. நயினாதீவுக்குச் செல்வது அத்துணைத் தூரமன்று. கால்மணி நேர அளவே. ஆயினும் ஆனி மாதத் திருவிழாக் காலத்துத் துறையும் சாதாரண நாளின் துறையும் ஒன்றல்ல. அங்கே கேட்கவேண்டியது கடலைப் பற்றியன்று, கூட்டத்தைப் பற்றி.

ஒரே சொல் இருவருக்கு இரு பொருள் தருவதும் உண்டு. ‘அமைதியான இடம், நகரிலிருந்து விலகியது’ என்பது முதுகுப்பையோடு திரியும் வெளிநாட்டு இளைஞனுக்குப் புகழுரை. நள்ளிரவிற் பிள்ளைக்குக் காய்ச்சல் காய்ந்தால், அதே வாசகம் போதனா வைத்தியசாலைக்கு எவ்வளவு தூரம் என்னும் கவலையாக மாறுகிறது. ‘வளவு முழுவதும் பனையும் மாவும், பழைய கிணறு’ என்னும் வருணனையும் அவ்வாறே. நட்சத்திரக் கணக்கோ இவ்விருவர் மகிழ்ச்சியையும் கூட்டி இரண்டாற் பிரிக்கிறது. வள்ளுவர் தெரிந்துதெளிதல் அதிகாரத்திற் குணத்தையும் குற்றத்தையும் நாடி, அவற்றுள் மிகுந்திருப்பதைக் கொண்டு ஒருவரை மதிப்பிடுமாறு கூறுகிறார். மேலோட்டமாகப் பார்த்தால் நட்சத்திரச் சராசரி இக்குறளின் இயந்திர வடிவம் போலத் தோன்றும். ஆனால் வள்ளுவர் கூறியது வினைக்கு ஆளைத் தெரிவுசெய்யும் முறை. அங்கே நாடுவோன் தனக்கு எது குணம், எது குற்றம் என்பதைத் தானே அறிந்தவன். நாடுதலை மற்றவரிடம் விட்டு மிகையை மட்டும் பெற்றுக்கொள்வதை அக்குறள் கூறவில்லை.

இவ்வளவும் கூறியபின், அந்தப் பழைய உறவினர் சங்கிலியே மேலானது, அதற்கே திரும்பவேண்டும் என்னும் எண்ணம் எழக்கூடும். யாழ்ப்பாணத்தவர் விசாரிப்பதில் வல்லவர். ஒரு மாப்பிள்ளையைப் பற்றி அவர்கள் விசாரிக்கும் திறமைக்கு எந்த இணையத்தளமும் ஈடாகாது. ஆனால் அவ்விசாரணையின் முதற்கேள்வி எதுவாயிருந்தது என்பதையும் மறந்துவிடலாகாது. உறவினர் சொல் செல்லும் பாதை சாதியின் பாதையாகவே இருந்தது. யார் வீட்டிற் தங்கலாம், யார் கிணற்றில் அள்ளலாம், எந்தத் தேநீர்க்கடையில் எந்தக் குவளையில் அருந்தலாம் என்பவற்றையும் அப்பாதையே வகுத்தது. 1957 இற் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியபின்னும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்டோர் நின்று போராட வேண்டியிருந்தது. அத்தகைய குடும்பத்தில் வந்த ஒரு தந்தை இன்று தன் பிள்ளைகளோடு ஊருக்கு வரும்போது, பெயரையும் பணத்தையும் மட்டும் கேட்டு அறையை உறுதிசெய்யும் இணையத்தளம் அவருக்கு ஒரு விடுதலையாகவே தோன்றும். அவரைப் பார்த்து, ஊரிலுள்ளவரை விசாரித்து வந்திருக்கலாமே என்று கூறுவது கொடுமை. அந்நியன் சொல்லில் முகமில்லாதிருப்பது குறை; ஆனால் கேட்போனின் முகத்தையும் அது பார்ப்பதில்லை என்பது நிறை. ரிஷிக்கும் மிலேச்சனுக்கும் ஒரே இலக்கணம் வகுத்த வாத்ஸ்யாயனரை நடைமுறையிற் பின்பற்றியோர் நமது ஊர்ப் பெரியவர்களிலும் பார்க்க இந்த வியாபாரத் தளங்களே எனின், அது சற்றுக் கசப்பான உண்மை.

ஆதலின், நம்புவதா விடுவதா என்பதன்று பிரச்சினை. ஆராயாது நம்புவதும், நம்பியபின் ஓயாது ஐயுறுவதும் தீராத் துன்பந் தரும் என்பது முற்குறித்த அதிகாரத்தின் இறுதிக் குறட் கருத்து. நேரமற்ற பெற்றோரை இன்னும் நூறு மதிப்புரைகள் படிக்குமாறு பணிப்பது அறிவுடைமையன்று. பொதுவானவற்றுக்கு அந்நியர் சொல்லே போதும். கட்டில் மெத்தென்றிருக்குமா, சாம்பார் உறைக்குமா என்பதிற் தவறினால் ஒரு நாளே கெடும். பிள்ளையின் உடலைத் தொடும் இரண்டொரு விடயங்களை, கடல், கிணறு, வைத்தியசாலை என்பன போன்றவற்றை, பொறுப்போடு விடை கூறக்கூடிய ஒருவரிடம் நேரே கேட்டல் வேண்டும். விடுதிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு நாற்பது மதிப்புரைகளிலும் பார்க்கக் குறைந்த நேரத்தையே எடுக்கும். மறுமுனையில் உள்ளவர் தமது விடுதியைப் புகழவே செய்வார் என்பது மெய்தான். ஆயினும் ‘கிணற்றுக்கு மூடி உண்டா’ என்று கேட்டால், உண்டென்றோ இல்லையென்றோ பெயர் கூறி ஒருவர் சொல்லியாக வேண்டும். சொன்னவர் அந்தக் கணத்தில் ஆற்றுப்படையின் எதிரே நிற்கும் மனிதராகி விடுகிறார்.

இதுவரை கேட்போர் கடமை. ஆனால் படிப்போரே நாளை எழுதுவோராகின்றனர். ஒழுக்கவியல் நோக்கிற் கடினமான பகுதி அங்கேதான் தொடங்குகிறது. இப்படி ஒரு நிலையை எண்ணிப் பார்க்கலாம். குடும்பமொன்று குடாநாட்டின் கிராமமொன்றில், கணவனை இழந்த ஒரு பெண் தன் வீட்டின் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டு நடத்தும் இடத்திற் தங்குகிறது. அவர் விடியலில் எழுந்து பிள்ளைகளுக்குப் பிட்டும் முட்டைப் பொரியலும் செய்துதருகிறார். சின்னவனுக்குத் தலைவாரி விடுகிறார். ஆனால் கொல்லைப்புறக் கிணற்றின் கட்டு ஐந்து வயதுப் பிள்ளையின் இடுப்பளவே உயரமானது; மூடியும் இல்லை. யாழ்ப்பாணத்தார் கண்ணுக்கு அது குறையாகவே படுவதில்லை. தோட்டக் கிணறுகள் பல கட்டே இல்லாமல் நிலமட்டத்தில் வாய்திறந்து கிடக்கும் நாடு இது. ஊரிற் பிறந்த பிள்ளை கிணற்றுக்கு அஞ்சி வளர்கிறது. குழாயைத் திருகி நீர்பெறும் நாட்டில் வளர்ந்த பிள்ளையோ அதனை விளையாட்டுப் பொருளாகக் கண்டு எட்டிப் பார்க்கிறது. தந்தை ஓடிச்சென்று தூக்கிவிடுகிறார். ஒன்றும் நேரவில்லை.

ஊர் திரும்பியபின் மதிப்புரை கேட்டு ஒரு மின்னஞ்சல் வருகிறது. என்ன எழுதுவது? அந்தப் பெண்ணின் வருவாய் அந்த நட்சத்திரங்களில் தங்கியுள்ளது. இத்தகைய தளங்கள் வீட்டுக்காரரிடம் 15 வீத அளவிற் தரகு பெறுவதும் வழக்கம். மூன்று நட்சத்திரம் இட்டால் அடுத்த விடுமுறைக்கு யாரும் வரமாட்டார்கள். அவர் கையால் உண்டவர்கள் அதனைச் செய்வது நன்றி கொன்ற செயல் போலத் தோன்றும். பெரும்பாலோர் ஐந்து நட்சத்திரம் இட்டு, ‘அன்பான உபசரிப்பு’ என்று எழுதி முடிப்பர். 2015 இற் செய்த ஓர் ஆய்வில் எயார்பிஎன்பி தளத்தில் மதிப்பிடப்பெற்ற இடங்களுள் ஏறத்தாழ 95 வீதமானவை நாலரைக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட நட்சத்திரம் பெற்றிருந்தமை இதனாற் போலும். உண்ட வீட்டுக்குக் குறை கூறாமை உலகெங்கும் ஒன்றே. ஒருவர் மதிப்புரையை மற்றவர் பார்த்துப் பழிதீர்க்காதபடி, இருசாராரும் எழுதி முடியும்வரை இரண்டையும் மறைத்துவைக்கும் முறையை 2014 இல் அத்தளம் கொண்டுவந்தது. அச்சத்துக்கு அது மருந்து. இரக்கத்துக்கு அது மருந்தன்று.

வாய்மை என்பது பிறருக்குத் தீங்கு பயவாத சொல் என்று வள்ளுவர் வகுத்த இலக்கணத்தை இங்கே துணைக்கு அழைப்பார் உண்டு. உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணுக்குத் தீங்கு. ஆகவே மௌனமே வாய்மை என்பர். ஆனால் தீங்கு யாருக்கு என்பதை எண்ணும்போது, கண்முன் நின்று பிட்டவித்த பெண் ஒருத்தி மட்டும் எண்ணப்படுகிறாள். அடுத்த ஓகஸ்டில் அந்த ஐந்து நட்சத்திரத்தை இரவு விழித்திருந்து படித்து, அதே அறையை எடுக்கப்போகும் குடும்பத்தின் பிள்ளை எண்ணப்படுவதில்லை. அப்பிள்ளைக்கு முகமில்லை, அதனால் அதற்கு நேரும் தீங்குக்கு நிறையுமில்லை. எழுதுவோருக்கு முகமில்லை என்று குறைகூறியவர்களே, எழுதும்போது படிப்போரை முகமற்றவராக்கி விடுகின்றனர். இரக்கம் இங்கே பொய்யானதன்று. அது மிக அருகிலுள்ளவரிடத்தே தொடங்கி அவரிடத்தே முடிந்துவிடுகிறது, குறை அவ்வளவே.

வெளியேறும் நாட் காலையிற் தந்தையார் அந்தப் பெண்ணிடம் முதலிற் சொல்லியிருக்கலாம். இணையத்துக்குச் சொல்லுமுன் வீட்டுக்காரருக்குச் சொல்லுதல் முறை; குறையைத் திருத்த வாய்ப்பளியாது ஊரறியச் செய்வதே நன்றி கொன்றது. சொல்லியிருந்தால், ‘ஐயோ தம்பி, நான் யோசிக்கேல்லையே’ என்று அவர் பழைய கதவுப் பலகை ஒன்றை இழுத்துவந்து கிணற்று வாயில் இட்டிருப்பார். சொல்லாது வந்துவிட்டாலும் இப்போதும் தொலைபேசி உண்டு. அதன்பின் எழுதவேண்டியது நீண்ட கட்டுரையன்று. ஓகஸ்டு மாதம் சென்றோம். பிள்ளைகளுக்கு வயது ஐந்தும் ஒன்பதும். வைத்தியசாலைக்கு முச்சக்கரவண்டியில் அரை மணி நேரமாகும், இரவில் வண்டியை முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும். கொல்லையிற் கிணறு உண்டு, கட்டு தாழ்வானது; சொன்னதும் அம்மா பலகையிட்டு மூடினார், சென்றதும் அது மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காற்று மிகுதியால் நெடுந்தீவுக்குப் போகவில்லை. பிட்டு மிக நன்று.

இவ்வளவும் எழுதி முடித்த நேரத்தில் வீட்டிற் பிள்ளைகள் உறங்கியிருப்பர். எத்தனை நட்சத்திரம் என்று கேட்கும் கட்டம் மட்டும் இன்னும் நிரப்பப்படாமல் இருக்கும்.